கிணற்றடியில் வழுக்காத தளம்: உராய்வு, அமுக்கம், துருப்பிடித்தல்



உராய்வு என்ற அலகைப் படிக்கும்போது மேசை மீது மரக்குற்றி ஒன்றை வைத்து, விற்றராசினால் இழுத்துப் பார்த்திருப்பீர்கள். அமுக்கம் என்றதும் ஊசியும் ஆணியும் நினைவுக்கு வரும். துருப்பிடித்தல் என்றால் நான்கு பரிசோதனைக் குழாய்கள். இம்மூன்றும் பாடநூலில் வேறு வேறு அலகுகள். ஆனால் உங்கள் வீட்டுக் கிணற்றடியில் இம்மூன்றும் ஒரே சதுர மீற்றருக்குள் இருக்கின்றன. அமைப்புக் கட்டுரை வினாக்களில் இரண்டு மூன்று அலகுகளை ஒன்றாகப் பிணைத்துக் கேட்டால் பல மாணவர்கள் தடுமாறுவதை நான் விடைத்தாள்களில் கண்டிருக்கிறேன். ஆகவே இப்பகுதியில் கிணற்றடியையே எடுத்துக்கொள்வோம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்றடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வடகீழ்ப் பருவக்காற்று மழையில் சீமெந்துத் தளம் காய்வதேயில்லை. ஒரு கிழமைக்குள் பச்சைப் பாசி படர்ந்துவிடும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது வெள்ளம் வடிந்த பின்னர் வீட்டுக்கு வீடு இதே கதைதான். விடியப்புறம் முகம் கழுவப் போகும் அப்பம்மா அந்தத் தளத்தில் கால் வைக்கிறார். வயது போனவர்களின் எலும்பு அடர்த்தி குறைந்தது. இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். சிலர் பழையபடி நடப்பதேயில்லை. என் தாயாரும் ஒரு கார்த்திகையில் இவ்வாறே விழுந்தார். மணிக்கட்டோடு போயிற்று. அன்றுவரை நான் உராய்வைக் கரும்பலகையில் மட்டுமே படிப்பித்து வந்தேன்.

கிணற்றடி ஏன் வழுக்குகிறது?

‘தண்ணீர் இருப்பதால்’ என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. உங்கள் செருப்பின் அடியும் சீமெந்துத் தளமும் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. உலர்ந்த நிலையில் இவை ஒன்றோடொன்று தொட்டுப் பிடித்துக்கொள்கின்றன. இடையில் திரவப் படலம் ஒன்று வந்தால் திண்மமும் திண்மமும் தொடுவது குறைகிறது. சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடுவதும் இதே தத்துவம்தான். அங்கே எமக்கு அது நன்மை, இங்கே தீமை.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. குடாநாடு சுண்ணாம்புக்கற் படுக்கையின் மேல் அமைந்துள்ளது. மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு அக்கற்களினூடாக இறங்கும்போது கல்சியம் ஐதரசன் காபனேற்று உண்டாகி நீரிற் கரைகிறது. எனவே எமது கிணற்றுநீர் பெரும்பாலும் வன்னீர். வன்னீரிற் சவர்க்காரம் போட்டால் நுரை குறைவு; அதற்குப் பதிலாக நீரிற் கரையாத வெண்ணிற மண்டி உண்டாகும். குளித்துவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த மண்டி தளத்தில் ஒட்டியே இருக்கும். நாளுக்கு நாள் படிந்து, பாசியும் சேர்ந்து, தளத்தின் நுண்பள்ளங்களை நிரப்பிவிடும். புதிதாகச் சீமெந்து பூசிய கிணற்றடி வழுக்காமலும் ஐந்து வருடம் பழகிய கிணற்றடி வழுக்குவதும் இதனாலேயே.

நடக்கும்போது நடப்பது

நடக்கும்போது உமது பாதம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நியூற்றனின் மூன்றாம் விதிப்படி தரை உம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்த முன்னோக்கிய விசையே உராய்வு விசை. ‘உராய்வு எப்போதும் இயக்கத்தைத் தடுக்கும்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் இவ்விடத்திற் பிழை விடுகிறார்கள். உராய்வு தடுப்பது தொடுகையுறும் பரப்புகளுக்கிடையிலான சார்பியக்கத்தையே. அது இல்லாவிட்டால் நடக்கவே முடியாது.

பாதம் வழுக்காமல் இருக்கும்வரை தொழிற்படுவது நிலையியல் உராய்வு. அது தேவைக்கேற்பக் கூடும். ஆனால் ஓர் எல்லை உண்டு. அதுவே எல்லை உராய்வு. தேவையான கிடைவிசை அதைத் தாண்டியதும் கால் வழுக்கத் தொடங்கும். வழுக்கத் தொடங்கியபின் தொழிற்படும் இயக்கவியல் உராய்வு எல்லை உராய்விலும் குறைவு. ஆகையால் சறுக்கத் தொடங்கிய கால் தானாக நிற்பது அரிது. கிணற்றடியில் விழுந்த யாரைக் கேட்டாலும் ‘எப்படி விழுந்தேன் என்றே தெரியவில்லை’ என்பார்கள். காரணம் இதுதான்.

எல்லை உராய்வு, செவ்வன் மறுதாக்கத்துக்கு விகிதசமமானது. தொடுகைப் பரப்பளவில் அது தங்கியிருப்பதில்லை. பிரான்சியரான அமொன்தோன் 1699ஆம் ஆண்டிலேயே இவ்விரண்டையும் எடுத்துக்காட்டினார். இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம்.

உதாரணம் 1. ஒருவரின் திணிவு 50 கிலோகிராம். சாதாரணமாக அடியெடுத்து வைக்கும்போது அவருக்குத் தேவையான கிடைவிசை, செவ்வன் மறுதாக்கத்தின் ஐந்தில் ஒரு பங்கு எனக் கொள்க. உலர்ந்த சீமெந்தில் எல்லை உராய்வு செவ்வன் மறுதாக்கத்தின் பத்தில் ஆறு பங்கு எனவும், பாசியும் சவர்க்கார மண்டியும் படிந்த ஈரச் சீமெந்தில் பத்தில் ஒரு பங்கு எனவும் கொள்க. புவியீர்ப்பு ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 10 மீற்றர். (இப்பங்குகள் கணக்குக்காகத் தரப்பட்டவை, தளத்துக்குத் தளம் மாறும்.)

நிறை = 50 × 10 = 500 நியூற்றன். கிடையான தளமாதலால் செவ்வன் மறுதாக்கமும் 500 நியூற்றன்.
தேவையான கிடைவிசை = 500 ÷ 5 = 100 நியூற்றன்.
உலர்ந்த தளத்தில் எல்லை உராய்வு = 500 × 6 ÷ 10 = 300 நியூற்றன். 100 இலும் பெரிது. வழுக்காது.
ஈரத் தளத்தில் எல்லை உராய்வு = 500 × 1 ÷ 10 = 50 நியூற்றன். 100 இலும் சிறிது. வழுக்கும்.

இங்கே ஒரு மாணவி என்னிடம் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: ‘சேர், நிறை கூடினால் எல்லை உராய்வும் கூடுமே? அப்படியானால் 10 கிலோகிராம் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் வழுக்காதா?’ செய்து பாருங்கள். செவ்வன் மறுதாக்கம் 600 நியூற்றன் ஆகும். எல்லை உராய்வு 60 நியூற்றன். ஆனால் தேவையான கிடைவிசையும் 120 நியூற்றன் ஆகிவிட்டது. இரண்டும் ஒரே விகிதத்திற் கூடுவதால் பயனில்லை. போதாததற்கு ஒரு பக்கமாகத் தொங்கும் வாளி உடலின் சமநிலையையும் குலைக்கும்.

அப்பம்மா ஈரத்தில் சின்னச் சின்ன அடியாக வைத்து நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். எட்டி அடி வைத்தால் கால் சரிந்திருக்கும்; கிடைவிசை கூடத் தேவைப்படும். அடி குறுகினால் கால் நிலைக்குத்துக்குக் கிட்டவாக இருக்கும். தேவையான கிடைவிசை குறையும். அவர் பௌதிகவியல் படிக்கவில்லை, ஆனால் கணக்கின் இடப்பக்கத்தைக் குறைக்கிறார். நாம் இப்போது பார்க்கப்போவது வலப்பக்கத்தை, அதாவது எல்லை உராய்வை, எப்படிக் கூட்டலாம் என்பதையே.

இரும்புத் தட்டி

தொழிற்சாலைகளின் படிக்கட்டுகளிலும் கப்பல்களின் நடைபாதைகளிலும் எண்ணெயும் தண்ணீரும் சிந்துவது வழமை. அங்கே மூடிய தகட்டுக்குப் பதிலாக, இடைவெளிவிட்டுச் சட்டங்கள் பொருத்திய இரும்புத் தட்டிகளைப் போடுவார்கள். கட்டடப் பொருட் கடைகளில் ‘கிறேற்றிங்’ எனக் கேட்டால் விளங்கும். வீட்டிலே கிணற்றடி, குளியலறை வாசல், படலையடி வாய்க்கால், மொட்டை மாடிப் படி ஆகிய இடங்களுக்கு இது பொருந்தும்.

இதன் வரலாற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் உலக யுத்தகாலத்தில், 1941இல், அமெரிக்க இராணுவம் சேற்று நிலத்தில் விமான ஓடுபாதை அமைப்பதற்குத் துளையிட்ட உருக்குத் தகடுகளை உருவாக்கியது. வட கரோலினா மாநிலத்தில் மார்ஸ்டன் என்ற ஊருக்கு அருகே முதலிற் பரீட்சித்ததால் அதற்கு மார்ஸ்டன் பாய் என்று பெயர் வந்தது. ஒரு தகடு 10 அடி நீளம், 15 அங்குல அகலம். அதில் 87 துளைகள். நிறை 66 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 30 கிலோகிராம். துளைகளால் மூன்று பயன்: தகட்டின் நிறை குறைந்தது, தண்ணீர் வடிந்தது, துளைகளின் விளிம்பை மடித்திருந்ததால் தகடு விறைப்பாகவும் பிடிப்பாகவும் இருந்தது. யுத்தம் முடிந்த பின்னர் பசிபிக் தீவுகளில் மக்கள் இவற்றைக் கழற்றி வேலியடைத்தார்கள். இரும்பை வீணாக்காதவர்கள் நாங்கள் மட்டுமல்ல.

இன்று கிடைக்கும் தட்டிகளில் மூன்று வகைகளை வேறுபிரித்தறிய வேண்டும். முதலாவது, தட்டையான இரும்புச் சட்டங்களை விளிம்பில் நிறுத்தி, குறுக்குக் கம்பிகளால் ஒட்டியது. இரண்டாவது, தகட்டை வரிசையாகக் கீறி இருபுறமும் இழுத்து, வைர வடிவத் துளைகள் உண்டாக்கியது. இங்கிலாந்தில் ஜோன் கோல்டிங் என்பவர் 1884இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இழுப்பதாற் துளை உண்டாகிறதேயன்றி வெட்டி எறிவதில்லை. ஆதலால் உலோகம் வீணாகாது. மூன்றாவது, துளையிட்டு விளிம்பை மேலெழுப்பிய தகடு. பூப்போட்ட மூடிய தகடு இவற்றில் அடங்காது. அதன் மேல் தண்ணீர் தேங்கும். பூக்கள் தேய்ந்தபின் அது சீமெந்திலும் மோசம்.

தட்டி எவ்வாறு வழுக்கலைத் தடுக்கிறது?

பரீட்சையில் பெரும்பாலோர் எழுதும் பிழையான விடை: ‘தட்டியில் தொடுகைப் பரப்பளவு குறைவு, ஆகவே உராய்வு மாறுகிறது.’ எல்லை உராய்வு தொடுகைப் பரப்பளவிற் தங்கியிருப்பதில்லை என்று இப்போதுதான் பார்த்தோம். அப்படியானால் தட்டி என்ன செய்கிறது? மேற்பரப்புகளின் தன்மையை மாற்றுகிறது. தண்ணீர், மண்டி, மணல் எல்லாம் இடைவெளியினூடாகக் கீழே விழுந்துவிடுகின்றன. எஞ்சிய மெல்லிய படலத்தை உயர்ந்த அமுக்கம் பிதுக்கி வெளியேற்றுகிறது. சட்டத்தின் மேல்விளிம்பில் வாட்பல் போல வெட்டியிருந்தால் அப்பற்கள் செருப்பின் றப்பரில் பதிந்து பிடிக்கின்றன.

உதாரணம் 2. 500 நியூற்றன் நிறையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். மட்டமான தளத்தில் செருப்பின் தொடுகைப் பரப்பளவு 125 சதுர சென்ரிமீற்றர். தட்டியின் சட்டங்களில் 25 சதுர சென்ரிமீற்றர்.

தளத்தில் அமுக்கம் = 500 ÷ 0.0125 = 40 000 பஸ்கால்.
தட்டியில் அமுக்கம் = 500 ÷ 0.0025 = 200 000 பஸ்கால்.

ஐந்து மடங்கு. சதுர சென்ரிமீற்றரைச் சதுர மீற்றராக மாற்ற 10 000 ஆற் பிரிக்க வேண்டும். 100 ஆற் பிரிப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் புள்ளி இழக்கிறார்கள்.

இந்த ஐந்து மடங்கு அமுக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வெறுங்காலுடன் தட்டியில் நின்றால் வலிக்கும். பற்கள் வெட்டிய தட்டியில் ஒரு குழந்தை விழுந்தால் முழங்கால் கிழியும். எனவே சிறுபிள்ளைகள் ஓடியாடும் முற்றத்தில் அதைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். நண்பகல் வெயிலில் இரும்பு சுடும் என்பதையும் மறக்கக்கூடாது; உலோகம் வெப்பத்தை விரைவாகப் பாதத்துக்குக் கடத்திவிடும்.

இன்னுமொன்று: பற்களில்லாத வழுவழுப்பான சட்டங்கள் நனைந்தால், அவையும் வழுக்கும். ‘இரும்புத் தட்டி போட்டாயிற்று’ என்று நம்பி வேகமாக நடப்பவர் முன்னையிலும் மோசமாக விழக்கூடும். துளை மட்டும் போதாது, விளிம்பும் வேண்டும்.

எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது?

இதைப் பாடநூல் சொல்லாது. வேலைத்தலத்திலும் சிலர் கவனிப்பதில்லை. உங்கள் பிளாத்திக்கு அடிமட்டத்தை எடுத்து இரு புத்தகங்களுக்கிடையில் பாலம்போல வையுங்கள். தட்டையாக வைத்து நடுவில் விரலால் அழுத்தினால் வளையும். விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் வளையாது. அதே பொருள், அதே திணிவு, வித்தியாசம் உயரத்தில். தடிப்பு மாறாதிருக்கச் சட்டத்தின் உயரம் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். தட்டியின் சட்டங்கள் விளிம்பில் நிற்பதன் இரகசியம் இதுவே. மறுபுறம், தாங்கிகளுக்கிடையிலான தூரத்தை இரு மடங்காக்கினால் அதே சுமைக்கு நடுவில் எட்டு மடங்கு தாழும்.

ஆகவே உயரமான சட்டங்கள் வாய்க்காலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பாலமாக இருக்க வேண்டும். மாறிப் போட்டால் சுமையை மெல்லிய குறுக்குக் கம்பிகளே தாங்கும். ஒரு நாள் தட்டி நடுவில் தொய்ந்துவிடும். நடக்கும் திசைக்குக் குறுக்காகச் சட்டங்கள் இருந்தால் பிடிப்பும் நன்று.

படலையடி வாய்க்காலில் சைக்கிளையும் நினைக்க வேண்டும். சட்டங்கள் சைக்கிள் போகும் திசைக்குச் சமாந்தரமாக இருந்தால் முன்சில்லு இடைவெளிக்குள் இறங்கும். ரியூசன் முடிந்து இருட்டில் வேகமாக வந்து திரும்பும் ஒருவருக்கு அது என்ன செய்யும் என்று விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் படலையடியிலோ வாய்க்கால் தெரு ஓரமாக ஓடும்; சைக்கிள் அதைக் குறுக்கறுக்கும். கரைக்குக் கரை போடும் சட்டம் சைக்கிளின் திசைக்குச் சமாந்தரமாகவே அமையும்! இரண்டு நிபந்தனைகளும் முட்டிக்கொள்கின்றன. இங்கே பலத்தை விட்டுக்கொடுக்க முடியாது. இடைவெளியைத்தான் சில்லின் அகலத்திலும் நன்கு குறைவாக எடுக்க வேண்டும், அல்லது வைர வடிவத் துளையுள்ள வகையைத் தெரிய வேண்டும். வீட்டில் ஊன்றுகோல் பிடித்து நடப்பவர் இருந்தால் இடைவெளி கோலின் நுனியிலும் சிறிதாக இருக்கட்டும்.

தட்டிக்குக் கீழே என்ன?

யாழ்ப்பாணத்துக்கே உரிய கேள்வி இது. கீழே வெறும் மண் என்றால் சவர்க்கார நீர் நேரே இறங்கும். எங்கள் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. நிலாவரைக் கிணறு அத்தகைய கற்குகையின் வாய்தான். அவ்வழியே அழுக்குநீர் வடிகட்டப்படாமலே விரைவாக நிலத்தடி நீருடன் கலக்கும். அதாவது நீங்கள் குளித்த தண்ணீரை நீங்களே திரும்ப அள்ளிக் குடிப்பீர்கள். எனவே தட்டிக்குக் கீழே சரிவுடன் சீமெந்து வாய்க்கால் கட்டி, நீரைக் கிணற்றிலிருந்து விலக்கி வாழைப்பாத்திக்கோ தென்னைக்கோ அனுப்ப வேண்டும். எமது முன்னோர் கிணற்றடி நீரை வாழைக்கு விட்டது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. தட்டியைத் தூக்கி வாய்க்காலைத் துப்புரவாக்கக்கூடியதாக இருப்பதும் அவசியம். இல்லையேல் நுளம்பு பெருகும்.

துருப்பிடித்தல்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் இரண்டும் தேவை. இரும்பின் ஓரிடம் அனோட்டாகத் தொழிற்பட்டு, இரும்பு அணுக்கள் இலத்திரன்களை இழந்து அயன்களாகின்றன. வேறோரிடம் கதோட்டாகி, அங்கே ஒட்சிசனும் நீரும் அவ்விலத்திரன்களைப் பெற்று ஐதரொட்சைட்டு அயன்களாகின்றன. ஈற்றில் நீரேற்றப்பட்ட இரும்பு ஒட்சைட்டு, அதாவது துரு, உண்டாகிறது. நீரில் உப்புக் கரைந்திருந்தால் அது நல்ல மின்பகுபொருளாகி இச்செயன்முறையைத் துரிதமாக்கும். குடாநாட்டில் எந்த ஊரும் கடலிலிருந்து வெகு தூரமில்லை. தீவகத்திலும் கரையோரங்களிலும் கிணற்றுநீரே உவர். 2004 டிசெம்பர் 26 சுனாமியின்போது வடமராட்சி கிழக்கில் கடல்நீர் கிணறுகளுக்குள்ளேயே புகுந்தது. வலிகாமத்தின் உட்பகுதியில் பல வருடம் நிற்கும் கம்பி, கடற்கரை வீட்டில் விரைவில் உக்கிவிடும்.

தட்டியில் முதலிற் துருப்பிடிப்பது சட்டமும் குறுக்குக் கம்பியும் சேரும் மூட்டுகள். அங்கே ஈரம் தேங்கி நிற்கும்.

இரும்பைக் காப்பதற்குச் சிறந்த வழி நாகப் பூச்சு. பிரான்சில் சோரெல் என்பவர் 1837இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். துப்புரவாக்கிய இரும்பை ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் உருகிய நாகத்தில் அமிழ்த்தி எடுப்பார்கள். இதைக் கல்வனைசுப்படுத்தல் என்கிறோம். நிறப்பூச்சு காற்றையும் நீரையும் தடுக்கும் திரை மட்டுமே. கீறல் விழுந்தால் அவ்விடத்தில் பாதுகாப்புப் போய்விடும். நாகம் அப்படியல்ல. தாக்கவீதத் தொடரில் நாகம் இரும்புக்கு மேலே இருக்கிறது. கீறல் விழுந்தாலும் நாகமே அனோட்டாகி முதலில் அரிக்கப்படும். இரும்பு கதோட்டாகித் தப்பும். வெள்ளீயம் பூசியிருந்தால் நிலைமை தலைகீழ். அது இரும்புக்குக் கீழே உள்ளதால் கீறலில் இரும்பே விரைவாக அரிக்கப்படும். வீட்டுக் கூரைக்குப் போடுவதை நாம் ‘தகரம்’ என்கிறோமே, அது உண்மையில் நாகம் பூசிய இரும்பு. பேச்சுவழக்கை நம்பி விடைத்தாளில் வெள்ளீயம் என்று எழுதிவிடாதீர்கள்.

கவனிக்க: முதலில் வெட்டி, ஒட்டி முடித்து, பிறகே நாகத்தில் அமிழ்த்த வேண்டும். நாகம் பூசிய கம்பிகளை வாங்கி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் நாகம் எரிந்துபோகும்; துருவுக்குப் பிரியமான அதே மூட்டு வெறுமையாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். அப்படி ஒட்ட நேர்ந்தால் மூட்டுகளில் நாகத்தூள் நிறைந்த பூச்சைப் பூசுவது அடுத்த வழி. பளபளப்பான எனமல் பூச்சைத் தடிப்பாகப் பூசுவோரும் உண்டு. துருவுக்கு அது நல்லது. ஆனால் பற்களை மூடி மேற்பரப்பை வழுவழுப்பாக்கிவிடும். எதற்காகத் தட்டி போட்டோமோ அதுவே கெட்டது.

கிணற்றின் வாயை மூடும் கம்பி வலையைப் பற்றி ஒரு வார்த்தை. துருப்பிடித்த வலை, வலையே இல்லாததிலும் ஆபத்தானது என்பேன். திறந்த கிணற்றுக்கு எல்லோரும் பயப்படுவார்கள்; மூடிய கிணற்றின் மேல் பிள்ளைகள் ஏறி இருப்பார்கள். அதன் பலத்தை ஏறி நின்று சோதிக்க வேண்டாம். மூட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு படையாக உதிர்ந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

மின்சார நீர்ப்பம்பி கிணற்றடியில் இருந்தால் இரும்புத் தட்டி அதற்குப் புதிய கேள்வியைக் கொண்டுவருகிறது. ஈரமான உலோகம், ஈரமான கால், பழைய வயர். பம்பியின் உடல் சரியாகப் புவித்தொடுப்புச் செய்யப்பட்டிருக்கிறதா, வீட்டில் ‘ட்ரிப் சுவிச்’ வேலை செய்கிறதா என்று மின்னியலாளரைக் கொண்டு பார்ப்பித்த பின்னரே தட்டியைப் போட வேண்டும்.

எல்லா இடத்துக்கும் இரும்புதான் தீர்வா? இல்லை. கீரிமலைக் கேணிப் படிகளை நினைத்துப் பாருங்கள். பக்கத்திலேயே கடல், உப்புக்காற்று ஓய்வதில்லை. அங்கே இரும்பிலும் சொரசொரப்பான கல்லே நிலைக்கும். கையிற் காசு குறைந்த வீட்டில், சீமெந்து பூசி இறுகுமுன் விளக்குமாற்றால் குறுக்காக இழுத்து வரிகள் விட்டால் போதும். தண்ணீர் வடிய வாய்க்கால் பக்கம் சரிவும் விட வேண்டும். கிழமைக்கு ஒருமுறை தும்புத் தூரிகையால் உரஞ்சினால் பாசியும் மண்டியும் சேராது. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

செய்து பாருங்கள்

நான்கு சிறிய போத்தல்கள். ஒன்றில் உங்கள் கிணற்றுநீரும் சாதாரண இரும்பாணியும். இரண்டாவதில் கடல்நீரும் அதே வகை ஆணியும். மூன்றாவதில் கடல்நீரும் கூரைக்கு அடிக்கும் நாகம் பூசிய ஆணியும். நான்காவதில் கடல்நீரும், அரத்தால் ஒரு பக்கம் கீறிய நாகம் பூசிய ஆணியும். ஆணி பாதி நனையும்படி விடுங்கள். ஒரு கிழமை தினமும் பார்த்துக் குறித்து வையுங்கள். நான்காவது போத்தலே முக்கியமானது. கீறலில் செந்நிறம் தோன்றுகிறதா, வெண்ணிறப் படிவு தோன்றுகிறதா?

விடை எழுதும் முறை

வினா: ‘ஈரமான கிணற்றடியில் பற்கள் வெட்டிய இரும்புத் தட்டி வழுக்கலைக் குறைக்கும். விளக்குக.’ (3 புள்ளிகள்)

குறைவிடை: ‘தட்டியில் உராய்வு கூட. ஆகவே வழுக்காது.’ இது வினாவைத் திருப்பிச் சொல்வது, காரணம் இல்லை.

நிறைவிடை: ‘நீரும் சவர்க்கார மண்டியும் இடைவெளிகளினூடாக வடிவதால் பரப்புகளுக்கிடையே திரவப் படலம் நிலைப்பதில்லை. தொடுகைப் பரப்பளவு குறைவாதலால் அமுக்கம் கூடி, எஞ்சிய நீர் பிதுக்கப்படுகிறது. பற்கள் றப்பரில் பதிகின்றன. இதனால் எல்லை உராய்வு கூடி, நடப்பதற்குத் தேவையான கிடைவிசையிலும் அதிகமாகிறது.’

பயிற்சி

1. 40 கிலோகிராம் திணிவுள்ள மாணவன் ஒருவன் தட்டியில் ஒற்றைக் காலில் நிற்கிறான். தொடுகைப் பரப்பளவு 20 சதுர சென்ரிமீற்றர். அமுக்கத்தைக் காண்க.

2. அவனுக்கு நடக்கத் தேவையான கிடைவிசை செவ்வன் மறுதாக்கத்தின் ஐந்தில் ஒரு பங்கு. வழுக்காமல் நடக்க எல்லை உராய்வு குறைந்தது எத்தனை நியூற்றனாக இருக்க வேண்டும்? அவன் ஓடினால் இவ்விடை ஏன் போதாது?

3. கடற்கரையோர வீடொன்றில் தட்டிக்கு நாகப் பூச்சு, எனமல் பூச்சு, வெள்ளீயப் பூச்சு ஆகிய மூன்றும் முன்மொழியப்படுகின்றன. தாக்கவீதத் தொடரைப் பயன்படுத்தி ஒன்றைத் தெரிந்து, மற்ற இரண்டையும் ஏன் தள்ளினீர் என எழுதுக.

4. உமது வீட்டுக் கிணற்றடியின் கிடைப்படத்தை அளவிடைக்கு வரைக. நீர் தேங்கும் இடம், அப்பம்மாவோ அம்மம்மாவோ நடக்கும் பாதை, கழிவுநீர் போகும் திசை ஆகியவற்றைக் குறிக்க. ஒரே ஒரு தட்டி வாங்கவே பணம் உண்டெனின் அதை எங்கே, சட்டங்கள் எத்திசையில் இருக்கும்படி இடுவீர்?

(குறிப்பு: நான்காம் வினாவுக்குப் பாதையை நீராக ஊகித்துக் கீற வேண்டாம். விடியப்புறம் எழும்பி, அவர் எங்கே கால் வைக்கிறார் என்று பார்த்து வரைக.)